நங்கூரம், செயின், இரும்பு இசை: பட்டறைக்கு வருகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

நாகப்பட்டினத்தில் கடுவையாற்றைத் தாண்டி, அக்கரைப்பேட்டைப் பக்கம் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பகலெல்லாம் நங்கூரம் அடிப்பது, செயின் ஒட்டுவது, படகுக்குக் கொக்கி வைப்பது. கடை சாத்திய பிறகு அதே இடத்தில் நானும் என் சித்தப்பா மகனும் இண்டஸ்ட்ரியல் மெட்டல் இசை செய்கிறோம். கிட்டாரும் கம்ப்யூட்டரும் அவன் பொறுப்பு, இரும்பு என் பொறுப்பு.

நங்கூரம் வாங்க வருகிறவர்கள் சுவரோரம் நிற்கும் கிட்டாரைக் காட்டிக் கேட்கிறார்கள். பாட்டு கேட்க வரும் பையன்கள் மூலையில் கிடக்கும் நங்கூரத்தைக் காட்டிக் கேட்கிறார்கள். ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால் எழுதி வைத்துவிட்டேன். கேள்விகள், கேட்டவர்கள் வாயில் வந்தபடியே இருக்கின்றன.

அண்ணே, நங்கூரம் எவ்ளோ கனமோ அவ்ளோ நல்லா புடிக்கும், சரிதானே?

பாதிதான் சரி. கனம் வேண்டியது நங்கூரம் தரைக்குப் போய்ச் சேரவும், நுனி மண்ணில் முதல் கடி கடிக்கவும். அதற்குப் பிறகு படகைப் பிடித்து நிறுத்துவது மண்தான். நன்றாகப் புதைந்த நங்கூரம் தன் எடையைப் போலப் பல மடங்கு இழுப்பைத் தாங்கும். புதையாத நங்கூரம் எவ்வளவு கனமாக இருந்தாலும் தரையில் கிடக்கும் இரும்புத் துண்டுதான்.

கலப்பையை நினைத்துக்கொள்ளுங்கள். மாடு நேராக முன்னே இழுக்கும்போது கொழு மண்ணுக்குள் இறங்குகிறது. இழுப்பு மேல்நோக்கிப் போனால் கொழுவும் மேலெழும்பி, நிலத்தைக் கீறிக்கொண்டே ஓடும். நங்கூரமும் அப்படியே. கயிறு தரையோடு தரையாகப் படுத்து இழுத்தால் உள்ளே போகும், செங்குத்தாக இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வரும். அதனால்தான் அதே கயிற்றைக் கொண்டு அதைத் தூக்கவும் முடிகிறது.

அப்போ எவ்வளவு கயிறு விடணும்? எங்க ஆளுங்க தரை தட்டினதும் ரெண்டு பாகம் கூட விட்டுக் கட்டிடுறாங்க.

நான் பார்க்கும் தவறுகளில் முதலிடம் இதற்குத்தான். ஆழத்தோடு அணியத்தின், அதாவது படகின் முன்முனையின், உயரத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். அதைப்போல ஏழு மடங்கு கயிறு விடுவது நல்ல பழக்கம். பாகம் என்பது இரு கைகளையும் விரித்த நீளம். மூன்று பாகம் ஆழம், அரைப் பாகம் அணிய உயரம் என்றால் மூன்றரை ஆகிறது. இருபத்தைந்து பாகத்துக்குக் கொஞ்சம் குறைவாகக் கயிறு போக வேண்டும். காற்று இல்லாத நேரத்தில், சாப்பிட நிற்கும் ஒரு மணி நேரத்துக்கு என்றால் ஐந்து மடங்கு போதும்.

காரணம் கோணம். கயிறு விறைத்து நேர்க்கோடாக நின்றால், மூன்று மடங்கில் அது தரையிலிருந்து ஏறக்குறைய 19 பாகை எழும்பும். ஐந்து மடங்கில் பதினொன்றரை, ஏழு மடங்கில் 8. அந்தச் சில பாகைகளில்தான் படகு நிற்கிறது. கடல் ஏற்றத்தையும் கணக்கில் சேர்க்கச் சொல்லிப் புத்தகங்கள் சொல்லும். நம் கரையில் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டருக்குள்தான் என்பதால் அதில் பெரிய தொல்லை இல்லை. ஆனால் புயல் நேரம் அப்படி இல்லை, கீழே வருகிறேன்.

செயின் எதுக்கு? கயிறே போதும்னு அப்பா சொல்றாரு.

செயின் இரண்டு வேலை செய்கிறது. ஒன்று, தன் கனத்தால் தரையில் படுத்து, நங்கூரத்தருகே இழுப்பைத் தட்டையாக வைக்கிறது. இரண்டு, சிப்பியும் பாரும் (கடலடிப் பாறை) உள்ள தரையில் கயிறு அறுபடாமல் காக்கிறது. படகு எவ்வளவு நீளமோ அதற்குக் குறையாத செயின், மிச்சத்துக்குக் கயிறு. சிறிய படகுக்கு இதுவே சரியான கூட்டு.

கயிற்றில் நைலான் வாங்குங்கள். நைலான் இழுபட்டால் நீளும், விட்டால் திரும்பும், அலை தரும் வெட்டை, அந்தத் திடீர் இழுப்பை, வாங்கிக்கொள்ளும். விலை குறைவு என்று எல்லோரும் வாங்கும் பாலிபுரொப்பிலீன் கயிறு தண்ணீரில் மிதக்கும். அது இன்னொரு படகின் விசிறியில் சுற்றும், வெயிலில் சீக்கிரம் உளுத்தும் போகும். செயினையும் நங்கூரத்தையும் இணைக்கும் ஷேக்கிள் வளையத்தின் ஆணியைத் திருகியதும் கம்பியால் ஒரு சுற்றுச் சுற்றிக் கட்டுங்கள். ஆணி தானாகக் கழன்று, செயினோடு நங்கூரம் கடலில் போன கதையை இந்தப் பட்டறையில் மாதம் ஒருமுறையாவது கேட்கிறேன்.

இண்டஸ்ட்ரியல் மெட்டல்னா என்ன? பட்டறையில போடுற பாட்டா?

மெட்டல் இசையின் கனத்த கிட்டாரும், இயந்திரங்களிலிருந்து பிறந்த தாளமும் ஒலியும் சேர்ந்தது. இரண்டும் தனித்தனி ஊற்று. 1976-ல் லண்டனில் த்ராப்பிங் கிரிசில் என்ற குழு இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்று ஒரு நிறுவனம் தொடங்கியது. பெயர் அங்கிருந்து வந்தது. 1980-ல் மேற்கு பெர்லினில் ஐன்ஸ்டுர்ட்சென்டே நொய்பாவ்டன் குழு தகடு, சுருள்கம்பி, துளைபோடும் மிஷின் இவற்றையே வாத்தியமாக்கிக்கொண்டது. அதில் கிட்டார் மெட்டல் கலந்தது 80-களின் கடைசியில். சிகாகோவின் மினிஸ்ட்ரி, பர்மிங்காமின் காட்ஃப்ளெஷ் இரண்டும் முக்கியமானவை. பிறகு நைன் இன்ச் நெயில்ஸ், ஃபியர் ஃபேக்டரி, ஜெர்மனியின் ராம்ஸ்டைன் என்று உலகம் முழுக்கப் போனது.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு நான் காட்ஃப்ளெஷைத்தான் சொல்வேன். இரண்டே ஆட்கள், டிரம் அடிக்க ஆள் கிடையாது, டிரம் மிஷின்தான். 1989-ல் வந்த அவர்களுடைய முதல் முழு ஆல்பத்தை நான் முதலில் கேட்டது ஐஸ் பிளாண்டில் வேலை பார்த்த நாட்களில். ஐஸ் கட்டியை உடைக்கும் மிஷினின் அடியும் அந்தத் தாளமும் எனக்கு ஒன்றாகவே பட்டன. அன்றைக்குப் பிடித்தது இன்னும் விடவில்லை.

கடையில நாலு மாதிரி நங்கூரம் இருக்கே, எங்களுக்கு எது?

உங்கள் தரையைச் சொன்னால் நங்கூரத்தைச் சொல்கிறேன். ஆற்று முகத்துவாரங்களில் பெரும்பாலும் மென்மையான சேறு, வெளியே மணல், அங்கங்கே பார். பாருக்கு நாலு கொக்கி நங்கூரம் நல்லது, ஏதாவது ஒரு இடுக்கில் மாட்டும். ஆனால் சேற்றில் அது பருப்புக் கடையும் மத்துப் போல வழித்துக்கொண்டு வந்துவிடும். சேற்றுக்கும் மணலுக்கும் அகலமான தட்டுகள் உள்ள டான்ஃபோர்த் வகை. 1940-ஐ ஒட்டி அமெரிக்காவில் ரிச்சர்ட் டான்ஃபோர்த் உருவாக்கியது. இரண்டாம் உலகப் போரில் கரையேறிய படகுகள் தங்களைத் தாங்களே திரும்பக் கடலுக்குள் இழுத்துக்கொள்ள இதைத்தான் போட்டன. எடை குறைவு, பிடி அதிகம். குறை ஒன்று உண்டு. காற்று திசை மாறி இழுப்பு எதிர்ப்பக்கம் திரும்பினால் பிடுங்கிக்கொள்ளும், கீலில் சிப்பியோ கல்லோ சிக்கினால் மறுபடி இறங்காது.

கலப்பை வடிவம் திசை மாறினாலும் திரும்பிப் புதையும். அதை 1933-ல் வடிவமைத்த ஜெஃப்ரி டெய்லர் கேம்பிரிட்ஜின் பெரிய இயற்பியலாளர். முதல் கேள்வியில் நான் சொன்ன கலப்பைக் கணக்கை அவர் காகிதத்தில் போட்டிருக்கிறார். படம் வரைந்தால் எல்லோரும் போடுகிற, குறுக்குக் கட்டை வைத்த பழைய நங்கூரம் நாலாவது. அந்தக் குறுக்குக் கட்டை அழகுக்கு இல்லை. அது தரையில் தட்டையாகப் படுத்தால்தான் கைகளில் ஒன்று மண்ணைப் பார்த்து நிற்கும்.

கட்டடத்துக்கு வாங்கிய முறுக்குக் கம்பியில் மிச்சத்தைக் கொண்டுவந்து நங்கூரம் அடித்துத் தரச் சொல்லாதீர்கள். அந்தக் கம்பியின் வலு அதன் வெளித்தோலில் இருக்கிறது. வெல்டிங் சூட்டில் அது இளகிவிடும்.

கல்லைக் கட்டிப் போட்டா பத்தாதா? தாத்தா காலத்துல எல்லாம் கல்லுதானே?

கட்டுமரத்துக்குப் போதும். கல் எதையும் கடிக்காது, எடையால் மட்டும் பிடிக்கும். அந்த எடையிலும் கடல் பங்கு கேட்கும். நூறு கிலோ கருங்கல் கடல் தண்ணீருக்குள் 60 கிலோ அளவுதான் நிற்கும். காங்கிரீட் 57. இரும்பு 87. ஆகவே காங்கிரீட் கட்டையை நிரந்தரமாகப் போட்டுப் படகு கட்டுகிறவர்கள் கரையில் தூக்கிப் பார்த்த கனத்தை நம்பக் கூடாது.

ஆனால் சேற்றில் கட்டைக்கு ஒரு நன்மை உண்டு. மாதங்கள் போகப்போக அது புதைந்து, சேறு அடியில் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். அதனால் புதிதாகப் போட்ட கட்டையில் உடனே பெரிய படகைக் கட்டாதீர்கள், மண் சேர நாள் கொடுங்கள்.

நங்கூரம் பாய்ச்சுறதும் படகைக் கட்டிவைக்குறதும் வேற வேறயா?

நங்கூரம் படகோடு வரும், போகும். கட்டு என்பது அங்கேயே இருக்கும் கட்டை, மிதவை, கரைத் தூண். காவிரி கடலில் சேரும் ஊரில் இந்த வேலை மிகப் பழையது. பூம்புகாரை அடுத்த கீழையூரில் 1960-களில் தொல்லியல் துறை தோண்டியபோது செங்கல் படகுத்துறையும், படகைப் பிணிக்க நட்ட மரத்தூண்களும் கிடைத்தன. பட்டினப்பாலையில், உப்புக்கு மாற்றாக நெல் ஏற்றி வந்த படகுகள் கழிக்கரையில் வரிசையாகக் கட்டியிருப்பதை லாயத்தில் நிற்கும் குதிரைகளுக்கு ஒப்பிட்டிருக்கிறார் உருத்திரங்கண்ணனார். அதே பாட்டில் துறைமுகத்தில் ஆடும் கப்பல்கள், கட்டுத்தறியை அசைக்கும் யானைகள்.

யானை உவமையைப் படிக்கும்போதெல்லாம் கட்டிய கப்பலை அவர் நெடுநேரம் நின்று பார்த்திருக்கிறார் என்று நினைப்பேன். கட்டு அறுவது நிலையான இழுப்பில் இல்லை, அந்த ஆட்டத்தில், திரும்பத் திரும்ப வரும் வெட்டில். கயிறு விறைப்பாக இருந்தால் ஒவ்வொரு வெட்டும் கொக்கிக்கு நேராகப் போகும்.

ஆற்றில் கட்டுகிறவர்களுக்கு ஒன்று. வெள்ளக் காலத்தில் ஆகாயத்தாமரை மிதந்து வந்து முன்கயிற்றில் மெத்தையாகச் சேரும். அதன்பின் நீரோட்டம் படகை மட்டும் தள்ளாது, அந்த மெத்தையையும் சேர்த்துத் தள்ளும். காலையும் மாலையும் கழித்து விடுங்கள்.

பின்பக்கம் கட்டினா வலை இழுக்க வசதியா இருக்கு. தப்பா?

தப்பு. நங்கூரக் கயிறு அணியத்தில்தான். அலையைப் பிளக்க அமைந்தது முன்பக்கம். பின்பக்கம் தாழ்வு, எஞ்சின் கனம் வேறு. அங்கே கட்டினால் அலை நேராக உள்ளே ஏறும், கயிறு பின்னால் பிடித்து அமுக்க, படகு நிரம்பிக் கவிழும்.

உண்மையைச் சொல்லுங்க, நங்கூரத்துக்கும் இந்தப் பாட்டுக்கும் என்ன சம்பந்தம்? பக்கத்துப் பக்கத்துல வெச்சிருக்கீங்க, அவ்ளோதானே?

இரண்டும் ஒரே மண்ணில் பிறந்தவை. இங்கிலாந்தில் பர்மிங்காமை ஒட்டிய சுரங்கப் பகுதிக்குக் கறுப்பு நாடு என்ற பொருளில் பெயர். அங்கே நெதர்டன் ஊரில் ஹிங்க்லி பட்டறையில்தான் டைட்டானிக் கப்பலின் நங்கூரங்கள் உருவாயின. நடு நங்கூரம் மட்டும் 15 டன்னுக்கு மேல். 1911-ல் அதை வண்டியில் ஏற்றி, 20 குதிரைகள் பூட்டி டட்லி ரயில் நிலையத்துக்கு இழுத்துப் போனார்கள். பக்கத்து ஊர் க்ரேட்லி ஹீத்தில் பெண்கள் வீட்டுக் கொல்லையில் உலை வைத்துச் செயின் அடித்தார்கள். 1910-ல் மேரி மக்ஆர்தர் தலைமையில் பத்து வாரம் வேலைநிறுத்தம் செய்து, சட்டம் சொன்ன குறைந்தபட்சக் கூலியை முதலாளிகளிடமிருந்து வாங்கினார்கள். நான் செயின் கண்ணி ஒட்டும்போது அந்தப் பெண்களை நினைக்காத நாள் குறைவு.

அதே பர்மிங்காமில் ஒரு தகட்டுத் தொழிற்சாலையில் 17 வயதில் டோனி அயோமியின் வலது கை விரல் நுனிகள் இரண்டு மிஷினில் போயின. அவர் பிளாஸ்டிக்கை உருக்கி, தோல் ஒட்டி, விரலுக்குக் கூடு செய்து போட்டுக்கொண்டு கிட்டார் வாசித்தார். நம் தவில்காரர்கள் விரலில் கூடு மாட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது உடனே புரியும். பின்னாளில் தந்திகளையும் தளர்த்திக் கட்டினார். தளர்ந்த தந்தியில் ஒலி தாழ்ந்தது, கனத்தது. அவருடைய பிளாக் சாபத் குழுவின் அந்தக் கனத்திலிருந்துதான் மெட்டல் இசை முழுவதும் வந்தது. காட்ஃப்ளெஷ் அதே ஊர்.

இரண்டாவது கேள்வியை இதோடு வைத்துப் பாருங்கள். விறைத்துக் கட்டிய குட்டைக் கயிறு பிடிக்காது, தாராளமாக விட்ட கயிறு பிடிக்கும். விறைத்த தந்தி கீச்சிடும், தளர்ந்த தந்தி கனக்கும். கனம் எங்கிருந்து வருகிறது என்று இரண்டு வேலையிலும் நான் கற்றுக்கொண்டது ஒன்றேதான்.

இது வெறும் இரைச்சல்தானே தம்பி? காது வலிக்குது.

ஒரு பெரியவர் கேட்டது. அவருக்குச் சொன்னதையே எழுதுகிறேன். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் கொட்டுகிறோம். பக்கத்தில் நிற்பவர் தும்மினாலும் கேட்காத அளவுக்கு. அதை யாரும் இரைச்சல் என்பதில்லை, ஏனென்றால் அது எதற்கு என்று நமக்குத் தெரியும். இந்த இசையில் மெட்டை எதிர்பார்த்துக் காத்திருந்தால் ஏமாற்றம்தான். ஒரே அடி திரும்பத் திரும்ப வரும். ஐம்பதாவது தடவை ஒரு சின்ன மாற்றம் நடக்கும். அந்த மாற்றம் உடம்பில் படும். ரைஸ்மில் ஓடும் தெருவில் தூங்குகிறவர் மில் நின்றதும் விழித்துக்கொள்கிறாரே, அது போல.

காது வலி பற்றி அவர் சொன்னது நியாயம். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் இருக்கலாம் என்பது பொதுவான அளவுகோல். மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும், அதாவது 88-ல் நாலு மணி நேரம். கிரைண்டர் அதைச் சுலபமாகத் தாண்டும். எங்கள் பட்டறையில் இரும்பு அறுக்கும்போதும் பாட்டு ஒத்திகையிலும் காதடைப்பான் கட்டாயம். எனக்குக் கற்றுக்கொடுத்த மேஸ்திரிக்கு அறுபது வயதில் பேரக்குழந்தை பேசுவது கேட்கவில்லை. நான் அதைப் பார்த்தவன்.

ராத்திரி தூங்கிட்டா நங்கூரம் இழுத்துட்டுப் போறது எப்படித் தெரியும்?

கரையில் இரண்டு அடையாளம் பிடியுங்கள். முன்னால் ஒன்று, அதே நேரில் பின்னால் ஒன்று. நாகூர் மினாராவும் அதற்கு முன்னே ஒரு விளக்குக் கம்பமும் ஒரே கோட்டில் நின்றால் சரி. கோடு உடைந்தால் படகு நகர்ந்திருக்கிறது. இதேபோல் இன்னொரு பக்கமும் ஒரு ஜோடி. அந்தக் காலக் கப்பல்காரர்கள் 1867-ல் இடிக்கப்பட்ட நாகை புத்த கோபுரத்தைத்தான் அடையாளமாகப் பார்த்து வந்தார்கள். இப்போது ஜிபிஎஸ் கருவியிலேயே எச்சரிக்கை மணி வைக்கலாம். வையுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விடக் கை நல்லது. அணியத்தில் உட்கார்ந்து கயிற்றின் மேல் உள்ளங்கையை வையுங்கள். பிடித்திருக்கும் நங்கூரத்தின் கயிறு மெல்ல இறுகும், மெல்லத் தளரும், அலையோடு மூச்சு விடுவது போல. இழுபடும் நங்கூரத்தின் கயிறு அதிரும். கர்ர்ர் என்று ஒரு நடுக்கம், ஒரு நிறுத்தம், மறுபடி நடுக்கம். காதுக்கு எட்டாது, எலும்புக்கு எட்டும். ஒருதரம் உணர்ந்தவருக்கு மறக்காது.

பார்ல மாட்டிக்கிட்டா எப்படி எடுக்குறது? போன மாசம் அறுத்து விட்டுட்டு வந்தேன்.

முதலில் கயிற்றைச் செங்குத்தாக இழுத்துக் கட்டிவிட்டு, அலை படகைத் தூக்கும் வரை காத்திருங்கள். பல நேரம் அலையே பிடுங்கித் தரும். கயிற்றுக்கு அருகில் கையோ காலோ வைக்காதீர்கள். வரவில்லை என்றால் படகை முன்னால் கொண்டுபோய், போட்ட திசைக்கு எதிர்த் திசையில் இழுங்கள்.

பாருக்குப் போகும்போது முன்னேற்பாடு ஒன்று செய்யலாம். செயினை நங்கூரத்தின் தலை வளையத்தில் மாட்டாமல் அடிப்பக்கம், கொக்கிகள் சேரும் இடத்தில் மாட்டி, தண்டோடு கொண்டுவந்து, தலை வளையத்தில் மெல்லிய சணலால் கட்டுங்கள். மாட்டிக்கொண்டால் பலமாக இழுக்கச் சணல் அறும், நங்கூரம் தலைகீழாகக் கழன்று வரும். இது பகல் மீன்பிடிப்புக்கு மட்டும். இரவு தங்கும்போது சணலை நம்பிப் படுக்கக் கூடாது.

பழைய செயினைச் சுத்தியலால தட்டித் தட்டி வாங்குறீங்களே, அது பாட்டுக்கா கடைக்கா?

இரண்டுக்கும். சந்தையில் மண்சட்டியைத் தட்டிப் பார்த்து வாங்குகிறோமே, அதே சோதனை. கண்ணியைத் தொங்கவிட்டுத் தட்டினால் நல்ல இரும்பு நீண்டு ஒலிக்கும். விரிசல் இருந்தால் செத்த ஓசை வரும். சந்தேகமான கண்ணியைக் கடலுக்கு அனுப்ப மாட்டேன். செத்த ஓசைக்குப் பாட்டில் இடம் உண்டு, அதனால் வீணாவதில்லை.

வெள்ளை முலாம் பூசிய செயினை யாரும் வீட்டில் வெல்டிங் செய்ய வேண்டாம். முலாம் துத்தநாகம். அது எரிந்து வரும் புகையை இழுத்தால் அன்றிரவே குளிர்காய்ச்சல் அடிக்கும். ஒட்டவேண்டிய இடத்தில் முலாமைத் தேய்த்து நீக்கிவிட்டு, காற்றோட்டத்தில் வைத்துத்தான் நான் ஒட்டுவேன்.

தரையே எட்டாத ஆழத்துல எஞ்சின் நின்னு போச்சுன்னா?

அப்போது தண்ணீரையே பிடிக்க வேண்டும். குடை போல விரியும் துணியைக் கயிற்றில் கட்டி அணியத்திலிருந்து விட்டால், அது தண்ணீரில் நிரம்பி இழுத்துக்கொண்டு நிற்கும். படகு நகர்வது குறையும், அதைவிட முக்கியமாக முகம் அலையைப் பார்த்தே இருக்கும். பக்கவாட்டில் அலை வாங்கிக் கவிழ்வது தப்பும். துணி இல்லாவிட்டால் இருக்கும் கூடைகளையும் வலையையும் சேர்த்துக் கட்டி விடலாம். வலை விட்டுக் காத்திருக்கும் படகு அலைக்கு எதிரே அடங்கி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், வலைதான் அங்கே நங்கூரம்.

புயல் எச்சரிக்கை வந்தா ரெண்டு நங்கூரம் போட்டா போதுமா?

எண்ணிக்கையைவிட மூன்று விஷயங்கள் முக்கியம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகின் மேல் விழும் தள்ளு நான்கு மடங்காகும். புயலின் கண் கடக்கும் இடத்தில் காற்று நின்று, பிறகு எதிர்த் திசையிலிருந்து அடிக்கும், ஒரே பக்கம் போட்ட இரண்டும் அப்போது உதவாது. கடல் மட்டமும் உயரும், விறைப்பாகக் கட்டியவை அணியத்தைக் கீழே பிடித்து அமுக்கும். ஆகவே ஆற்றுக்குள் கொண்டுபோய், இரு பக்கமும் கயிறு போட்டு, தளர்வு விட்டுக் கட்டுங்கள். கரையேற்ற முடிந்த படகைக் கரையேற்றிவிடுவது எல்லாவற்றிலும் நல்லது. கட்டிய பிறகு படகில் யாரும் தங்க வேண்டாம்.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது என் பெரியப்பாவின் படகு போனது. நங்கூரம் என் கையால் அடித்தது. மறுநாள் தேடி எடுத்தோம், வளையக்கூட இல்லை. செயினும் முழுசு. கயிறு மட்டும், படகின் விளிம்பில் உரசும் அந்த ஒரு சாண் இடத்தில், இரவு முழுக்க அறுபட்டு அறுந்திருந்தது. பழைய டியூப் ஒரு துண்டு சுற்றியிருந்தால் போதும். அதன்பிறகு இந்தப் பட்டறையில் நங்கூரம் வாங்கும் எவருக்கும் ஒரு முழம் டியூப் காசில்லாமல் தருகிறேன். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.

மல்லிப்பட்டினம் பக்கம் நங்கூரம் போடாதேங்குறாங்க. கடல்ல நங்கூரம் போடாம என்ன பண்றது?

போடலாம், கடற்புல்லின் மேல் போடாதீர்கள் என்கிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்கிறேன். பாக் விரிகுடாவில் தஞ்சை, புதுக்கோட்டைக் கரையோரம் 448 சதுர கிலோமீட்டரை 2022-ல் தமிழக அரசு கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆவுளியா என்று நாம் சொல்லும் அந்தக் கடற்பசுவுக்குப் புல்தான் சோறு. மீன்குஞ்சும் இறாலும் வளர்வதும் அங்கேதான். நங்கூரம் இழுபட்டால் புல் வேரோடு வரும், செயின் சுற்றிச் சுற்றி வட்டமாகச் சிரைத்துவிடும்.

நங்கூரத்துக்கும் புல் ஆகாது. தட்டுகளில் வேர் சிக்கிக்கொண்டு மண்ணுக்குப் போகாது, பிடித்தது போலக் காட்டி நடுராத்திரியில் விடும். தெளிந்த தண்ணீரில் வெளுப்பாகத் தெரிவது மணல், கருத்துத் தெரிவது புல். வெளுப்பைப் பார்த்துப் பாய்ச்சுங்கள்.

இரும்புச் சத்தத்தை எப்படிப் பதிவு பண்றீங்க? பெரிய மைக் வேணுமா?

பழைய பசரைப் பிரித்தால் உள்ளே பித்தளை வட்டத் தகடு இருக்கும், அதுதான் எங்கள் மைக். இரும்பின் மேல் ஒட்டி, ஒரு சிறிய முன்பெருக்கி வழியாகப் பதிவுக் கருவிக்குக் கொண்டுபோகிறோம். பெருக்கி இல்லாவிட்டால் தாழ்ந்த ஒலிகள் காணாமல் போகும். தகடு காற்றைக் கேட்காது, இரும்பின் அதிர்வை மட்டும் கேட்கும். துறைமுகக் கூச்சலுக்கு நடுவிலும் ஒரு செயின் தனக்குள் பேசுவது மட்டும் கிடைக்கும்.

தண்ணீருக்குள் விடத் தகட்டை ரப்பர் பசையால் முழுக்க மூடுகிறோம். காற்றில் ஒலி நொடிக்கு 340 மீட்டர் போகும், கடலில் 1500. கடலில் ஒலி தேய்வதும் குறைவு, அதனால் தூரத்து எஞ்சின்கூடப் பக்கத்தில் நிற்பது போல விழும். எங்கள் தாளங்களில் பாதி அப்படிக் கிடைத்தவை.

தமிழ்ல இந்தப் பாட்டு எடுபடுமா? இங்கிலீஷ்ல கத்தினாதானே மெட்டல்?

ராம்ஸ்டைன் ஜெர்மனில் பாடித்தான் உலகைச் சுற்றியது. தமிழின் இரட்டை வல்லினம் இந்த இசைக்கென்றே வைத்தது போல இருக்கிறது. கட்டு, முட்டு, இறக்கு, அறுத்துவிடு. ஒவ்வொரு ஒற்றும் ஒரு நிறுத்தம், அந்த நிறுத்தத்தில் டிரம் விழும். தவில் சொற்கட்டில் இதை நம் ஊர்க்காரர்கள் எப்போதோ கண்டுவிட்டார்கள். எங்கள் பாடல்களில் படகிலும் பட்டறையிலும் கத்திச் சொல்லும் சொற்கள் மட்டுமே வரும். தூக்கு, விடு, இழு, பிடி.

உங்க பாட்டுல ஒரு இடத்துல எல்லாம் நின்னு கர்ர்ர்னு ஒண்ணு மட்டும் வருதே, அது என்ன? அதைக் கேட்டுட்டு எங்க தாத்தா எழுந்து நின்னுட்டாரு.

அது இழுபடும் நங்கூரம். உள்ளங்கையில் தெரியும் என்று மேலே சொன்னேனே, அதே நடுக்கம். செயினில் தகட்டை ஒட்டி, கயிற்றை வேண்டுமென்றே குட்டையாக விட்டு, இழுபட வைத்துப் பதிவு செய்தோம். காதுக்கு எட்டும்படி சுருதியைக் கொஞ்சம் ஏற்றினோம், வேறொன்றும் சேர்க்கவில்லை.

உங்கள் தாத்தா மறுநாள் பட்டறைக்கு வந்தார். நாற்பது வருடம் கடலுக்குப் போனவர், கடலை விட்டுப் பத்து வருடம் ஆகிறது என்றார். பாட்டு வேண்டாம், அந்த இடத்தை மட்டும் போடு என்றார். சுருதி ஏற்றாத மூலப் பதிவைப் போட்டேன். எனக்குக்கூடச் சரியாகக் கேட்கவில்லை. அவர் ஸ்பீக்கரின் மேல் கையை வைத்துக்கொண்டு, சேறு, அடியில் கொஞ்சம் சிப்பி கிடக்கு என்றார். நாங்கள் பதிவு செய்த இடத்தில் இருந்தது அதுதான். அப்புறம் உங்களைக் கூட்டிவரச் சொல்லி ஆளனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை கடை இல்லை, வாருங்கள். கையைக் கழுவிவிட்டு வாருங்கள், எண்ணெய் இருந்தால் நடுக்கம் தெரியாது.